பின்பக்கத்து எழுத்து

மகள் கழுத்தில் தாலி ஏறியதிலிருந்து அவர் கண் மணமேடையில் இல்லை. மண்டப வாசலில் நிற்கும் காரின் பின்பக்கத்தில் இருந்தது.

டிக்கிக் கதவின் வலது ஓரத்தில், வெள்ளி நிறத்தில், டர்போ.

அந்த எழுத்து அந்த வண்டியோடு வந்ததல்ல.

நிச்சயத்துக்கு முன் சம்பந்தியம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்க தெருவுல ஒரு மாப்பிள்ளைக்குக் கார் குடுத்தாங்க. பின்னால டர்போன்னு போட்டிருக்கும். அதையே பாத்துருங்க."

நகையும் மண்டபமும் போக, அவர் கைக்கு எட்டியது அதே கம்பெனி, அதே நிறம், அந்த எழுத்து மட்டும் இல்லாத, விலை குறைந்த வண்டி. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். தன் பெண் என்று வந்தபோது விரலை மறந்துவிட்டார்.

நேற்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள கார் சாமான் கடையில் எழுத்து தனியாகக் கிடைத்தது. கடைக்காரர் எதற்கு என்று கேட்கவில்லை. ஒட்டிவிட்டு, "ரெண்டு நாளைக்குத் தண்ணி படாமப் பாத்துக்குங்க" என்றார்.

இன்று காலை பூ அலங்காரத்துக்கு வந்தவர்கள் முதல் வேலையாக வண்டியைக் கழுவினார்கள். பூ வாடாமலிருக்க மேலும் தண்ணீர் தெளித்தார்கள்.

அவர் பக்கத்திலேயே நின்றார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கவில்லை.

இப்போது ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது.

முருகா, இந்த வாசலைத் தாண்டும்வரை விழக்கூடாது.

புறப்படும் நேரத்தில் மாப்பிள்ளை பெட்டிகளை டிக்கியில் வைத்தான். கதவை இழுத்துச் சாத்தினான்.

எழுத்து கழன்று அவன் கைக்கு வந்தது.

திருப்பிப் பார்த்தான். பின்னால் பசை நாடா. பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

அத்தனை பேர் நடுவில் வேட்டி அவிழ்ந்து நிற்பது போல இருந்தது அவருக்கு.

"அங்க என்னடா பண்றே?" சம்பந்தியம்மா படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

"தூசும்மா. தொடைக்கிறேன்."

எழுத்தைப் பழைய இடத்தில் வைத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினான். அம்மா வந்து பார்த்து, தலையாட்டி, முன் சீட்டில் போய் உட்காரும்வரை விரலை எடுக்கவில்லை.

அவருக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கை பாதி எழுந்துவிட்டது.

அப்போதுதான் அந்தக் கட்டைவிரல் அவருக்கு நினைவு வந்தது.

கார் கேட்ட அன்று இவனும் சோபாவில்தான் இருந்தான், அம்மாவுக்குப் பக்கத்தில். அந்த விரல் செல்போனில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. ஒரு தடவைகூடத் தலை நிமிரவில்லை.

அடக்கமான பையன் என்று அவர்தான் வீட்டில் வந்து சொன்னார்.

இனி அந்த அம்மாள் கேட்கப்போவது இவரிடம் இல்லை. மகள் தேன்மொழியிடம்.

மகள் ஏறினாள். கதவை அவரே சாத்தினார். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"காலையிலேருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடலப்பா. போய்ச் சாப்பிடுங்க."

வண்டி நகர்ந்தது. தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியது. எழுத்து அசையவில்லை. வெயிலில் நன்றாக மின்னியது.

அவர் அதே இடத்தில் நின்றார். அது மின்னுகிறவரை அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருப்பார்.

முருகா, பாதி வழியிலாவது விழட்டும்.