பத்தாவது படி

“போன அணைச்சிரச் சொல்றாங்கப்பா.”

செல்லதுரை சட்டைப் பையிலிருந்து பட்டன் போனை எடுத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். இன்றோடு எல்லாம் வெளியே வந்துவிடும் என்று தோன்றியது.

கொச்சி மட்டாஞ்சேரியில் அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றின் மாடியில் இருந்தது டாக்டரின் அறை. மனைவி அங்கம்மாள் இறந்ததிலிருந்து எட்டு மாதமாகத் தூக்கமில்லாதவர், போன வாரம் மூட்டையோடு சரிந்து விழுந்தார். அதன் பிறகுதான் மகள் இசக்கிசெல்வி பிடிவாதமாக இந்த ஹிப்னாடிசம் டாக்டரிடம் கூட்டி வந்திருந்தாள்.

“அங்க போனா உள்ள கிடக்கறத எல்லாம் கக்கிருவீரு அண்ணாச்சி. சின்ன வீடு எதுவும் இருந்தா இப்பவே சொல்லிரும்,” என்று கூட மூட்டை தூக்கும் சேவியர் கேலி செய்திருந்தான். செல்லதுரைக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் ஸுப்ரியா மலையாளத்தில் விளக்கினார். செல்வி தமிழில் சொன்னாள்: “தூங்கிற மாட்டீங்களாம். பேசுறதெல்லாம் கேக்குமாம். சொல்லப் பிடிக்காத எதையும் யாரும் உங்க வாயிலேர்ந்து பிடுங்க முடியாதாம்.”

“எனக்குத்தான் மலையாளம் புரியுமே. நீ வெளிய இரு தாயி.”

டாக்டர் தலையாட்டி மறுத்தார். சந்தை மலையாளம் போதாதாம். பிறந்த பாஷையில் சொன்னால்தான் மனசு இறங்குமாம். தான் சொல்லச் சொல்ல, மகள் அதே குரலில் தமிழில் சொல்ல வேண்டும்.

“கண்ணடச்சோளூ.”

“கண்ண மூடுங்கப்பா.”

மனசுக்குள் பத்துப் படி. ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். செல்லதுரை பல்லைக் கடித்துக்கொண்டார்.

வீட்டில் தனியாக விழுந்து கிடந்த அந்த மத்தியானம் அங்கம்மாள் மூன்று முறை போன் செய்திருந்தாள். எடுப்பாரில்லை. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, கண்ணாடித் திரையிலிருந்த அந்த மூன்று சிவப்பு வரிகளையும் காய்த்துப்போன விரலால் தடவித் தடவி அழித்தார். அது மட்டும் செல்விக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் பிள்ளை தாங்க மாட்டாள்.

“நாலு... தோள் தளருது...” செல்வியின் குரல் தணிந்துகொண்டே போனது. “ஏழு... இன்னும்... கீழ...”

வாயைத் திறக்காதே, திறக்காதே என்று அவர் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். எட்டாவது படியிலும் தெருவில் லாரி ஹாரன் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

“பத்து. இனி ஆ சாக்கு தாழெ வெச்சோளூ,” என்றார் டாக்டர்.

மூட்டையை இறக்கி வைக்கச் சொல்கிறார். செல்லதுரை தமிழுக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

கண்ணைத் திறந்தார். டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. செல்வி நாற்காலியில் தலை சாய்ந்து, இமை மூடி இருந்தாள். மடியிலிருந்த அவள் போன் நழுவித் தரையில் கிடந்தது.

“செல்வி!” என்று எழப் போனவரை, தொடாதீர்கள் என்று டாக்டர் கை காட்டி நிறுத்தினார்.

மூடிய இமையோரம் நீர் வழிந்தது. உதடு மெல்ல அசைந்தது.

“என் போன்ல நீங்க அழிச்சது தெரியும்ப்பா... அம்மா கூப்பிட்ட மூணு தடவையும் அது என் கையிலதான் இருந்துச்சு.”