பேர் சொல்லாத வழக்கு

"அம்மா, நான் ஒரு காரியம் செஞ்சிட்டேன். கேட்டா நீ எனக்கத் தோல உரிச்சிருவ."

பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டிருந்த பிரிஜா நிமிந்து பாத்தா. ராத்திரி பதினோரு மணிக்கு, கதவு நிலையப் புடிச்சுக்கிட்டு நிக்கா மக பிரீனா. பதினேழு வயசு. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து பத்து நாளாகுது. மொகத்துல ரத்தமே இல்ல.

"ஏட்டி, எவனாவது பின்னால சுத்துறானா?"

"சீ, அதொண்ணும் இல்ல."

"ஸ்கூட்டியக் கொண்டுபோய் இடிச்சிட்டியா?"

"இல்லம்மா. தூரத்துல ஒரு எடம் கிடைச்சிருக்கு. ரெண்டு வருஷம். வரச் சம்மதமான்னு கேட்டிருந்தாவ. வீட்டுல ஒரு வார்த்த கேக்காம, 'சம்மதம்'னு அழுத்திட்டேன்."

பிரிஜா சிவப்புப் பேனாவ மூடி வெச்சா. "அப்பாக்குத் தெரியுமா?"

"மஸ்கட்டுக்கு போன் பண்ணினேன். 'அம்மாட்ட நீயே சொல்லிரு மக்கா'ன்னு வெச்சிட்டாரு."

"கொள்ளாம்! கடலுக்கு அந்தப் பக்கம் கெடக்க மனுஷனுக்குத் தெரியும். அடுத்த ரூம்ல இருக்க எனக்குத் தெரியாது."

"அதில்லம்மா, அது வந்து..."

"நிறுத்து. ஊரும் சொல்லாத, பேரும் சொல்லாத. 'ஒரு ஆளு'ன்னு சொல்லு."

பிரீனாவுக்கு இது பழக்கம்தான். அம்மா நாகர்கோவில்ல ஒரு காலேஜ்ல சைக்காலஜி டீச்சர். மனுஷங்க எப்படி முடிவு எடுக்காங்க, எங்க தப்பா எடுக்காங்கன்னு பன்னெண்டு வருஷமா ஆராய்ச்சி. பேரு கண்டாலே மனசு ஒரு பக்கமா சாஞ்சிரும்னு, திருத்துற பேப்பர்ல பேரு எழுதுன எடத்த எல்லாம் மடிச்சு ஸ்டேப்ளர் அடிச்சிருவா. அப்பாவும் சித்தப்பாவும் மதில் சண்டை போட்டப்ப, ரெண்டு பேரையும் பேரு போடாம டைப் அடிச்சுத் தரச் சொல்லி, கடைசில சொந்தப் புருஷனுக்கு எதிரா தீர்ப்பு சொன்னவ. அப்பா ரெண்டு நாளு ஓட்டல்லதான் சாப்பிட்டாரு.

"அந்த ஆளு நீதான்னு எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படிச் சொன்னாத்தான் நான் அம்மாவா இல்லாம கேப்பேன்."

பிரீனா வாயத் தொறந்தா. அப்புறம் மூடிக்கிட்டு, கட்டில் ஓரத்துல உக்காந்தா.

"சொல்லு. அந்த ஆளுக்கு அந்த விஷயம் புடிக்குமா?"

"அத விட்டா வேற எதுவுமே புடிக்காது. அதப் பத்திப் பேசினா சோறு ஆறிப்போறது கூடத் தெரியாது."

"தகுதி இருக்கா? இல்ல, சும்மா சிபாரிசா?"

"நூத்துக்கு மேல பேரு கேட்டதுல மூணு பேரத்தான் எடுத்திருக்காவ. ஆனாலும் அந்த ஆளு கொஞ்ச நாளா யோசிச்சுக்கிட்டே இருந்துச்சு."

பிரிஜா புருவத்த ஒயத்தினா. ஒரு தாள எடுத்து என்னமோ குறிச்சா. "பின்ன ஏன் உடனே சம்மதம் சொல்லல?"

"வீட்டுல ஒரு ஆளு தனியா ஆயிரும்னு."

பேனா நின்னுச்சு. அம்மா தொண்டையச் செருமுறது பிரீனாவுக்குக் கேட்டுச்சு.

"வீட்டுல இருக்க ஆளு... போகாதன்னு சொன்னாளா?"

"இல்ல. அவகிட்ட யாருமே கேக்கல. அவளுக்குக் கஷ்டமா இருக்கும்னு இவளே நெனச்சுக்கிட்டா."

"தனியா விட்டா சமாளிப்பாளா அவ?"

"மொத மாசம் அழுவா. பெறவு சமாளிச்சிருவா. அவ ஒண்ணும் கொச்சுப் பிள்ள இல்ல."

பிரிஜா சிரிச்சுட்டா. கண்ணு மட்டும் சிரிக்கல. "சரி. போகாமலே இருந்திட்டான்னு வையி. பத்து வருஷம் கழிச்சு?"

"அந்த ஆளு வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லாது. ஆனா வீட்டுல இருக்கவ ஒவ்வொரு நாளும் நெனப்பா, எல்லாம் என்னாலதான்னு." பிரீனாவுக்குக் கொரல் ஒடஞ்சு போச்சு. "நாலு நாளுக்குள்ள வேண்டாம்னு எழுதினா மாத்திரலாம்மா. மாத்தணுமா?"

பிரிஜா குறிச்சதையெல்லாம் மேலயிருந்து கீழ வரை ரெண்டு தடவ வாசிச்சா. பிரீனா நகத்தக் கடிச்சுக் கடிச்சு ரத்தம் வரப் பாத்தா.

"மாத்தாண்டாம்," பிரிஜா சொன்னா. "போணும். வீட்டுல இருக்கவளுக்காக இவ நின்னுட்டா, அது பாசம் இல்ல மக்கா. அவ தலையில பாரத்த ஏத்துறது. கேக்கவும் செய்யாம ஏத்துறது."

"சம்மதம்னு அழுத்துனது தப்பில்லியா?"

"கேக்காம அழுத்துனது தப்புதான். அதுக்கு நாளைக்கு ஏச்சு உண்டு. முடிவு சரிதான்."

"உறுதியாட்டா?"

"பன்னெண்டு வருஷமா இதானட்டி எனக்க வேலை. எழுதியே தாரேன்." தாளுக்கு அடியில 'போக வேண்டும்'னு எழுதி, கோடு போட்டு, கையெழுத்தும் போட்டுக் குடுத்தா.

பிரீனா அந்தத் தாள ரெண்டு கையாலயும் வாங்கி நெஞ்சோட வெச்சுக்கிட்டா. சாயங்காலத்துலயிருந்து அடச்சிருந்த மூச்சு அப்பதான் வெளிய வந்துச்சு.

"அம்மா, அந்த ஆராய்ச்சி எடம் எனக்கில்ல. ஜெர்மனிக்காரங்க உன்னைக் கூப்பிட்டு அனுப்பின மெயிலு; மூணு வாரமா நீ தொறந்து தொறந்து மூடுறத, நீ மீன் வாங்கப் போன நேரம் நான்தான் 'சம்மதம்'னு அழுத்தினேன்."

பிரிஜா மகளப் பாத்தா, மக கையில இருக்க தன்னோட கையெழுத்தப் பாத்தா, சேல முந்தானையால மூக்கத் தொடச்சுக்கிட்டுப் பையக் கேட்டா: "ஏட்டி, அங்க இப்ப ரொம்பக் குளிரா இருக்குமோ?"