மூன்றாவது வகை

பக்கத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனியின் இரைச்சல் ஜன்னல் வழியே வந்துகொண்டே இருக்கிறது. கணவர் இறந்தபின் பூங்கொடி டீச்சர் இன்றுதான் பிளஸ் ஒன் வகுப்புக்குத் திரும்பியிருக்கிறார். புள்ளியியல் பாடத்தில் எண்ணால் சொல்லும் தரவு, வகையால் சொல்லும் தரவு என்று ஏற்ற இறக்கமில்லாத குரலில் விளக்குகிறார். வகைக்கு உதாரணம் கேட்டதும் தேஜஸ்ரீ எழுந்து, “கல்யாணம் ஆனவங்களா, ஆகாதவங்களாங்கறதுங்க டீச்சர்” என்கிறாள். சொன்ன பிறகே அவளுக்கு உறைக்கிறது. முகம் வெளுத்து அப்படியே நிற்கிறாள். “சரிதான் கண்ணு.” ‘மணமானவர்’, ‘மணமாகாதவர்’ என்று டீச்சர் பலகையில் எழுதுகிறார். “இன்னொரு வகை இருக்குது. அதை விட்டுட்டாத் தப்பாயிரும். என்னது?” ஜன்னல் கம்பியில் படிந்த பஞ்சு, மின்விசிறிக் காற்றில் லேசாக அசைகிறது. அவரே மூன்றாவதாக ‘துணையை இழந்தவர்’ என்று எழுதுகிறார். எழுத்து கோணவில்லை. “இதுல எது மேல, எது கீழன்னு வரிசைப்படுத்த முடியுமா?” “முடியாதுங்க டீச்சர்” என்கிறது வகுப்பு, தணிந்த குரலில். “ஆமா, முடியாது. வெறும் பேருதான். எழுதிக்குங்க.” எல்லாரும் குனிந்து எழுதுகிறார்கள். தேஜஸ்ரீ மட்டும் கண்ணில் நீரோடு இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். டீச்சர் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். தனக்காக ஒருத்தி அழுவதை நிறுத்தி உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.