கிறேப் கேட்டவன்

“சேலைத் தலைப்பை அவிழ், மைமூனா.”

ஆஸ்பத்திரிக் கேற்றை மறித்துக்கொண்டு நின்றார் தம்பையா. மைமூனா அசையவில்லை.

“அவிழ் எண்டு சொன்னனான்!”

முடிச்சுக்குள் இரண்டு முட்டை. இடுப்பில் ஒரு சின்னப் போத்தல். அதில் பால்.

“ஏழாம் கட்டில் பொடியன்ரை பங்கு, என்ன?”

“ஓம் அண்ணன்.”

“சாகக் கிடக்கிறவன்ரை வாயிலை இருந்து பிடுங்கிறியே! உனக்கு நெஞ்செண்டு ஒண்டு இருக்கே?”

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பற்காரருக்கென்று இருந்த பன்னிரண்டு கட்டில் ஆஸ்பத்திரி அது. மைமூனா அங்கே கூட்டித் துடைக்கிறவள். புருசன் இல்லை, இரண்டு பிள்ளைகள். தம்பையா நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் அற்றென்டன். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போகும்வரை அங்கே வேலை பார்த்தவர். கொஞ்சம் இங்கிலீசும் கொஞ்சம் மிடுக்கும் அதில் மிஞ்சியவை.

ஏழாம் கட்டிலில் கிடந்தவன் பெயர் யான். பிரெஞ்சுக் கப்பல் மாலுமி, பத்தொன்பது வயது. சரக்கு இறக்கும்போது கப்பலின் அடித்தட்டில் விழுந்தவன். காலிலும் ஈரலிலும் அடி, பிழைக்க மாட்டான் என்று டொக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். நேற்று மாலை கப்பலும் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது.

டொக்டர் வரும் நேரமெல்லாம் மயக்கத்தில் கிடப்பான். மற்ற நேரத்தில் ஒரே ஒரு சொல்லைச் சொல்லி அழுவான்.

“கிறேப்... கிறேப்...”

“கிறேப் பண்டேஜ் கேக்கிறான். கால் நோகுது போலை” என்று, பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த மைமூனாவுக்குப் பெருமையாக விளக்கம் சொன்னார் தம்பையா. வீங்கிக் கிடந்த காலைச் சுற்றிக் கட்டினார். அவன் இன்னும் அழுதான். இன்னும் இறுக்கினார். மூன்று நாள்.

இன்று காலையில் டொக்டர் போர்வையை விலக்கினார். பாதம் நீலம் பாரித்துக் கிடந்தது.

“இந்தக் காலைத் தொட வேண்டாமெண்டு எழுதி வச்சனான். கட்டினது ஆர்?”

ஒருவரும் பேசவில்லை. தம்பையாவும்தான்.

“சொல்ல மாட்டியள். ஆளைக் கண்டுபிடிச்சால் அண்டைக்கே வேலையில்லை, வீடுதான்!”

அதற்குப் பிறகுதான், மத்தியானம், இந்த முட்டை. தம்பையா அவளை டொக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“காலமை கால். இப்ப முட்டை. இது ஆஸ்பத்திரியோ, சந்தையோ?” டொக்டர் மேசையில் தட்டினார். “ஏன் எடுத்தனீ?”

“எடுத்தனான் சேர். அதுக்கு மேல ஒண்டும் கேக்காதீங்க.”

“அப்ப இனி வர வேண்டாம்.”

மைமூனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள். முட்டைக் கதையில் டொக்டர் கால் கட்டின கதையை மறந்துவிடுவார் என்று தம்பையாவுக்கு ஒரு நிம்மதி வந்தது. நிம்மதி வந்ததை நினைக்க அவருக்கே அருவருப்பாகவும் இருந்தது.

மூன்றரை மணிக்கு யான் கண்ணை மூடினான். கடைசியிலும் அதே சொல்தான்.

நாலு மணிக்கு மைமூனா மூச்சிரைக்கக் கேற்றடியில் வந்து நின்றாள். கையில் துணியால் மூடிய பீங்கான் தட்டு.

“பிறகும் ஏன் வந்தனீ?”

“ஏழாம் கட்டிலுக்கு ஒரு வாய் குடுத்திட்டுப் போறன் அண்ணன்.”

தம்பையா துணியை விலக்கிப் பார்த்தார். கடுதாசி போல மெல்லிசாக, நாலாக மடித்த ஏதோ ஒன்று. தோசையும் இல்லை, அப்பமும் இல்லை.

“என்ன இது?”

“கிறேப்.”

“கிறேப் எண்டது பண்டேஜல்லோ?”

“அழேக்க கையை இப்பிடிச் சுத்திக் காட்டுவான், பாக்கேல்லையா? அப்பத் தாச்சி சுத்துற கை அது. அப்பம் சுட்டுப் பிள்ளை வளக்கிற எனக்கு விளங்காதா? நேத்துக் கப்பல் போறதுக்கு முதல், அதில குசினியில சமைக்கிற பாண்டிச்சேரி ஆள் இவனப் பாக்க வந்தார். நீங்க வீட்ட போயிட்டீங்க. அவர்ட்டக் கேட்டன். கோதும மா, முட்டை, பால். புளிக்க வைக்கத் தேவல்ல, அரை மணித்தியாலம் ஊறினாச் சரியாம். பெப்ரவரி ரெண்டாந் திகதி அவங்கட ஊரில வீட்டுக்கு வீடு இதானாம். கோயில்ல மெழுகுதிரி கொளுத்திட்டு வந்து சுடுவாங்களாம். குளிர் முடிஞ்சு சூரியன் வரப்போகுதெண்டு, அதப் போல வட்டமா. இண்டைக்குத்தானே ரெண்டு? பிள்ளை நாளெண்ணி அழுதிருக்கு.”

தம்பையா கேற்றை விட்டு விலகவில்லை.

“அந்த முட்டையும் போச்சா, தேடித் திரிஞ்சதில பிந்திட்டுது. வழிய விடுங்க அண்ணன், ஆறப்போகுது.”

“அவன்... மூண்டரைக்குப் போயிட்டான், மைமூனா.”

அவள் துணியை மெல்ல இழுத்து மூடினாள். ஜெற்றிப் பக்கம் ஏதோ ஒரு வள்ளம் இரைந்துகொண்டு போனது.

“இதை டொக்டரிட்டைச் சொல்லியிருக்கலாமே!” என்றார் தம்பையா. “அவரே சுட்டுக் குடுக்கச் சொல்லியிருப்பார். உன்ரை வேலையும் போயிராது. ஏன் விசரி மாதிரி வாயை மூடிக்கொண்டு நிண்டனீ?”

“சொல்லத்தான் வாயெடுத்தன். கிறேப்பெண்டு அவன் அழுத கதைய எடுத்தா, காலைக் கட்டினது ஆரெண்டு டொக்டர் அடுத்ததா என்னட்டத்தானே கேப்பார்? எனக்குப் பொய் சொல்ல வராது அண்ணன். உங்களுக்குக் கட்டிக்குடுக்க மூண்டு குமர்ப் பிள்ளையள் இருக்கு.”