முன்சுவர்

"நிறுத்துங்க டீச்சர்! நல்ல சுவரை எதுக்குச் சுரண்டுறீங்க?"

பெயின்ட் கடைக்காரருக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் போகும், கால் பின்னால் வரும். வண்டியை ஓரம் கட்டுவதற்குள் கத்திவிட்டார்.

அரசுப் பள்ளியின் முன்சுவர். தலைமையாசிரியை கையில் பட்டித் தகடு. ஆயா கையில் பழைய கரண்டி. இரண்டு பேர் தலையிலும் நீலத் தூள்.

கடைக்காரர் சுவரைத் தடவிப் பார்த்தார். பிரஷ் பிடித்துப் பிழைத்து, சொந்தக் கடை போட்ட மனிதர். அவரிடம் கதை விட முடியாது.

"ஈரம் ஏறின சுவர்னா தொட்டாலே பொக்குன்னு உரியும். இது முரண்டு பிடிக்குது. போன வருஷம் அடிச்சது, இன்னும் நாலு வருஷம் தாங்கும்! நாளைக்குக் கம்பெனியிலேர்ந்து நாப்பது பேர் லீவு நாளையும் விட்டுட்டு இங்க சேவை செய்ய வர்றாங்க. அவங்களுக்காக வாங்கின விலைக்கே பெயின்ட் எடுத்துட்டு வந்திருக்கேன். நீங்க என்னடான்னா..."

"மண்ணைக் கரைச்சு ஊத்திப் பார்த்தோம் முதலாளி," என்றாள் ஆயா. "கழுவினா போயிடுது. உங்க சரக்கு அவ்வளவு தரம்."

"நக்கலா?"

"நிஜமாத்தான் சொல்றா," என்றார் தலைமையாசிரியை. "சுவர் பளிச்சுன்னு இருந்தா அவங்க வரமாட்டாங்க சார். வேற ஸ்கூலுக்குப் போயிடுவாங்க."

"போகட்டுமே! நிஜமாவே தேவைப்படுறவங்களுக்குச் செய்யட்டும். பாடம் சொல்லிக் குடுக்கிற இடத்துல பித்தலாட்டமா? இப்பவே அவங்க மேனேஜருக்குப் போன் போடுறேன்."

போனை எடுத்தே விட்டார்.

"போடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பின்பக்கம் வந்துட்டுப் போங்க."

பின்பக்கம் பெண் பிள்ளைகளின் கழிப்பறை. நாலு அறை. இரண்டுக்குக் கதவு இருந்தது, அங்கே நீளமாக வரிசை. மற்ற இரண்டுக்கும் கதவு இல்லை. கம்பி ஒடிந்த குடை ஒன்றை விரித்து, முதுகை அந்தப் பக்கம் காட்டியபடி ஒருத்தி மூன்றாவதன் வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆம்பளைங்க இங்க வரக் கூடாது!" குடைக்காரி அலறினாள். "டீச்சர், அவரைத் திரும்பி நிக்கச் சொல்லுங்க!"

கடைக்காரர் சட்டென்று திரும்பி, எதிரே இருந்த மரத்தைப் பார்த்தபடி நின்றார்.

தலைமையாசிரியை குரலைத் தாழ்த்தினார்.

"காலையிலேர்ந்து சொட்டுத் தண்ணி குடிக்காம உக்காந்திருக்குங்க சார். எட்டாம் வகுப்பு வந்துட்டா மாசம் நாலு நாள் வயித்து வலின்னு லீவு. நாலு நாள் பத்து நாளாகும். அப்புறம் ஒருநாள் அப்பா வந்து டி.சி. கேப்பார். இந்த வருஷம் மட்டும் ஏழு பேர் போயாச்சு. குடை பிடிச்சிருக்காளே, அவ அக்கா போன மாசம்தான் நின்னா. அடுத்த வருஷம் இவ எட்டாவது."

"சரி, அதுக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு கதவு மாட்ட ரெண்டு பேர் போதும். வர்றது நாப்பது பேர். அத்தனை பேர் கையிலயும் பிரஷ் வேணும், அத்தனை பேரும் போட்டோவுல வரணும். அதுக்குச் சுவர்தான் தோது. அடிச்சு முடிச்சு, கிளம்புறப்போ மனசு குளிர்ந்து, 'வேற ஏதாவது வேணுமா மேடம்'னு கேப்பாங்க. அந்த நேரம் பார்த்துக் கதவைக் கேப்பேன். சில பேர் தருவாங்க, சில பேர் தலையை ஆட்டிட்டுப் போயிடுவாங்க. அஞ்சு வருஷமா அஞ்சு தடவை இந்தச் சுவருக்குப் பெயின்ட் ஏறியாச்சு. கிடைச்சது ரெண்டு கதவு."

கடைக்காரர் போனைப் பைக்குள் போட்டார். ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"நானும் தினம் நூறு பேர்கிட்ட பேரம் பேசுறவன். இப்படி ஒரு கேடுகெட்ட பேரத்தைப் பார்த்ததில்ல! நேராக் கதவையே கேட்டிருக்கலாமே டீச்சர்?"

"முதல் தடவை கதவை மட்டும்தான் கேட்டேன்."

"தரலையா?"

"கக்கூஸ் கதவுல பேர் எழுதினா எவன் பார்ப்பான்னு கேட்டார் அந்தப் பெரிய மனுஷர்."

கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எவன் அவன்? புள்ளைங்க குடை பிடிச்சு நிக்குது, அவனுக்குப் பேர் கேக்குதா? சொல்லுங்க, நாலு பேர் நடுவுல வச்சு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்!"

"விடுங்க சார். அவருக்கே இப்ப ஞாபகம் இருக்காது."

"விடுறதா? நீங்க பயப்படுறீங்க, நான் பயப்பட மாட்டேன். பேரைச் சொல்லுங்க!"

தலைமையாசிரியை தயங்கினார். பிறகு அவரை ஆபீஸ் அறைக்குள் கூட்டிப்போய், அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, முதல் தாளைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார்.

'மாணவியர் கழிப்பறைக்கு நான்கு கதவுகள் வேண்டும்' என்று எழுதியிருந்தது. அதன் குறுக்கே பச்சை மையில் அழுத்தமாக ஒரு கோடு. கோட்டுக்கு மேல், அதே மையில்:

'முன்சுவருக்குப் பெயின்ட். எங்க பேர் ரோட்டுக்குத் தெரியணும்.'

வெளியே ஆயா சுரண்டும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

தாளின் அடியில், கடைக்காரர் தினமும் பில்லில் போடும் அதே கையெழுத்து.