கதவு வைக்காத ஸ்டாண்டு

"ரம்பத்தை முதல்ல கீழ வை மாப்ள. அப்புறம் பேசலாம்."

"கீழ வெச்சா வேலை எப்படி மாமா நடக்கும்? ஒரு ஓரமா அறுத்து ஒரு கதவு போட்டுடறேன். பத்து நிமிஷம்," என்றான் மைத்துனன். அவன் தச்சன். இருபது வருஷமாக ஊரார் வீட்டுக்கெல்லாம் கதவு போடுகிறவன்.

ரம்பம் படப்போவது அவர் தன் கையால் செய்த ஸ்டாண்டில். ஏழு வார உழைப்பு. அதன் மேலே நான்கடி நீள மீன் தொட்டி. முன்பக்கக் கண்ணாடி வில்லாக வளைந்து வெளியே வந்திருக்கும். ஸ்டாண்டும் அதே மாதிரி வளைய வேண்டும் என்று கடையில் விற்ற நேர் ஸ்டாண்டை வேண்டாமென்றார். மைத்துனன் செய்து தருகிறேன் என்றதற்கு, "இது கொஞ்சம் நுணுக்கமான வேலை மாப்ள" என்று சொல்லிவிட்டுத் தானே இறங்கினார்.

காலையில் மைத்துனனும் இரண்டு ஆட்களும் தொட்டியை ஏற்றி வைத்து, தண்ணீரும் நிரப்பிவிட்டார்கள். ஸ்டாண்டு இம்மியும் அசையவில்லை. ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் நிற்பதாக மைத்துனனே ஒப்புக்கொண்டான். ஒரே ஒரு குறை. தொட்டிக்கு அடியில் நாலா பக்கமும் பலகையடித்து அலமாரியாக மூடியவர், அதற்குக் கதவு வைக்கவில்லை.

"அத்தனை படம் வரைஞ்சீங்களே, ஒண்ணுலகூடவா கதவு இல்ல?" என்றாள் மனைவி.

"மூணாவது படத்துல இருந்தது. வளைவுக்கு நடுவுல பார்க்க நல்லா இல்லன்னு எடுத்தேன். பக்கவாட்டுல வெச்சுக்கலாம்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"நெனச்சதோட சரி."

அலுவலகத்தில் அவருக்கு 'விளக்கவுரை' என்று பெயர். மின்விசிறி ஏன் முனகுகிறது என்று அவரிடம் கேட்டவர்கள் மதியச் சாப்பாட்டைக் கோட்டை விட்டிருக்கிறார்கள். உலகத்துக்கே விளக்கம் சொல்கிறவனுக்கு ஒரு கதவு ஞாபகம் வரவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டார்.

"ஸ்க்ரூவைக் கழட்டி முகப்பை எடுத்துட முடியாதா?" என்றாள் மனைவி.

"ஸ்க்ரூ மட்டும்னா எடுக்கலாம். பசையும் போட்டிருக்கேனே. அரை மணியில இறுகற பசை. மரம் பிளந்தாலும் பிளக்குமே தவிர ஒட்டு விடாது." சொல்லும்போதே குரலில் பெருமை எட்டிப் பார்த்தது. அடக்கிக்கொண்டார்.

"தண்ணியை இறக்கித் தொட்டியைத் தூக்கிட்டா?"

"மேல்பலகையையும் ஒட்டியாச்சு."

"எதைத்தான் ஒட்டாம விட்டீங்க?"

மைத்துனன் சிரிப்பை அடக்குவது கேட்டது. அவர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"முகப்பை அறுத்தா, தண்ணியும் தொட்டியுமா நானூறு கிலோவும் கீழ வந்துடும் மாப்ள."

"நிஜமாவா மாமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரம்பம் பைக்குள் போய்விடும். ஆனால் ஒரு பொருள் எப்படி நிற்கிறது என்பதில் பொய் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"அப்படியும் சொல்ல முடியாது. எடை பூரா தொட்டியோட விளிம்பு வழியா இறங்குது. விளிம்புக்கு நேர் கீழ சட்டம். சட்டத்துக்கு நேர் கீழ கால். மரம் மரத்து மேலேயே உக்காந்திருக்கு. ஸ்க்ரூ விலகாம பிடிச்சுக்கத்தான், சுமக்கறதுக்கு இல்ல. எவ்வளவு அழகான ஏற்பாடு பாரு. முகப்பு வந்து..."

"முகப்பு?"

"அது சும்மா. சட்டை மாதிரி."

"அப்ப சட்டையைக் கிழிச்சா ஆளுக்கு ஒண்ணும் ஆகாது," என்றான் மைத்துனன்.

தன் வழக்கைத் தானே வாதாடித் தோற்ற வக்கீல் ஆனார் அவர்.

பிறகு, பலகையின் கீறல்களை விரலால் தடவியபடி ஆரம்பித்தார். "இது வளைஞ்ச கதை தெரியுமா உனக்கு? பின்பக்கம் விரற்கடைக்கு ஒரு கீறல். மொத்தம் எழுபத்திரண்டு. வெந்நீர்ல நனைச்ச துணியை மேல போட்டு, கொஞ்சம் கொஞ்சமா மடக்கி..."

"அந்தத் துணி என் புதுப் போர்வை," என்றாள் மனைவி. "ஏங்க, மணி பன்னெண்டு. இன்னும் எத்தனை நேரம் இப்படியே முரண்டு பிடிக்கப் போறீங்க? உங்களுக்கே கஷ்டமா இல்லையா?"

இருந்தது. கால் மரத்துப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. பசியும் எடுத்தது. அதைவிட, மைத்துனனிடம் 'நுணுக்கமான வேலை' என்று சொன்னது இப்போது மோசமாகக் குடைந்தது.

"தப்பு என்னோடதுதான் மாப்ள," என்றார் கடைசியில். "உங்கிட்டயே விட்டிருக்கணும். அறு. வலது ஓரமா அறு. மூலையில இருந்து நாலு விரல் தள்ளிக் கோடு போட்டுக்கோ, கால் தப்பிச்சிடும்."

மைத்துனன் பென்சிலால் கோடு இழுக்கும் சத்தம் கேட்டது. "அகலம் எவ்வளவு வெக்கட்டும் மாமா?"

"தோள் நுழையற அளவுக்கு," என்றார் அவர், குழாய்க்காக விட்டிருந்த ஓட்டையில் வாயை வைத்து. ஒரு ஸ்க்ரூ தலைகூட வெளியே தெரியக் கூடாது என்பதற்காக, தொட்டி ஏறிய பிறகு அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டே முகப்பை முடுக்கி முடித்தவர் அவர்தான்.