சாக்குச் சட்டை

"சொறியறான் பாருங்கம்மா! வந்து பாருங்க!" ஜன்னலருகே நின்றிருந்த மேனேஜர் கூவினார்.

நொதியம்மா ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். கீழே, மில் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன், துணியை வீசிவிட்டு மார்பைப் பரபரவென்று சொறிந்துகொண்டிருந்தார். போச்சு, எல்லாம் போச்சு!

நொதிகளோடு, அதாவது என்சைம்களோடு, குடித்தனம் நடத்துகிறாள் என்றுதான் மில்லில் அவளுக்கு அந்தப் பெயர். சாக்கு தைக்கிற சணல் நாரைத் தொட்டியில் ஊறப்போட்டு நொதியைக் கலந்துவிடுவாள். நாரைப் பிடித்திருக்கும் பசையையும், முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறையும் அது தின்றுவிடும். வேளை பார்த்துக் கொதிநீர் ஊற்றி அதன் வாயைக் கட்டவேண்டும்; கொஞ்சம் அசந்தால் நாரையே விழுங்கிவிடும். எத்தனை தொட்டி கூழாகிப் போயிருக்கிறது! கடைசியில் ஒருவழியாகச் சட்டைத் துணி கிடைத்த அன்று, அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து அழுதே விட்டாள்.

மேனேஜருக்கு அதெல்லாம் ஏறவில்லை. பருத்தியும் அதை வேகவைக்கிற காஸ்டிக் சோடாவும்தான் அவருக்கு உலகம். "நம்ம டிரைவர் போட்டுப் பார்க்கட்டும். சொறியலேன்னா ஆர்டர் எடுக்கலாம். சொறிஞ்சான்னா உங்க தொட்டி ரூமை இழுத்துப் பூட்டிடலாம்" என்று சொல்லிவிட்டார். துணி துளி சொரசொரத்தாலும் டிரைவர் அண்ணனின் உடம்பு தாங்காது. அவருக்கு மில் வைத்த பெயர் 'அரிப்பு அண்ணன்'.

மேலே கூப்பிட்டதும் வந்தவர், கதவு நிலையில் முதுகைத் தேய்த்தபடி நின்றார்.

"எப்படிப்பா இருக்கு?" என்றார் மேனேஜர்.

"உயிர் போகுது சார்!"

"வேர்க்குருவா இருக்கலாம் சார்... வெயில்ல நின்னாரு..." நொதியம்மா இழுத்தாள்.

"சாக்குல சட்டை தைச்சீங்க. இப்ப சாக்கு சொல்றீங்களா?" மேனேஜர் தான் சொன்னதற்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். மேஜை மேல் பூட்டு தயாராக இருந்தது.

கண் கலங்க, அவள் டிரைவர் அண்ணனையே பார்த்தாள். மார்பு, முதுகு, வயிறு, மறுபடியும் மார்பு. மனுஷனுக்குக் கை ஓயவில்லை. ஆனால்...

"அண்ணே, கழுத்துல அரிக்கலையா?"

"இல்லியே."

"கையில?"

அவர் முழுக்கைச் சட்டையைத் தடவிப் பார்த்தார். "இங்க ஒண்ணும் பண்ணலம்மா. பஞ்சு மாதிரி இருக்கு."

"காலரும் கையும் இதே துணிதானே சார்!" அவள் குரல் உயர்ந்தது. "அண்ணே, சட்டையைக் கழட்டுங்க!"

டிரைவர் அண்ணன் நெளிந்தார். "கோவிச்சுக்காதீங்கம்மா. சாக்குன்னதும் பயந்துட்டேன். அதான் உள்ள ஒரு பாதுகாப்புக்கு..."

பொத்தான்களைக் கழற்றினார். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு புதுப் பனியன். அதை உருவிப் போட்டுவிட்டு, சணல் சட்டையை வெற்றுடம்பில் மாட்டிக்கொண்டார். இரண்டு தரம் தோளைக் குலுக்கிப் பார்த்தார்.

"அப்பாடா! இப்பதாம்மா உயிர் வந்துச்சு!"

நொதியம்மா பூட்டை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மேனேஜர் கோபத்தையெல்லாம் கீழே கிடந்த பனியன் மேல் காட்டினார். இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பிடித்து, "இதெல்லாம் ஒரு துணியா? எவன்கிட்டப்பா இந்தச் சாக்கை வாங்கினே?" என்று சீறினார்.

டிரைவர் அண்ணன் தலையைச் சொறிந்தார். "போன வாரம் நீங்கதானே சார் எல்லாருக்கும் குடுத்தீங்க... நம்ம மில்லோட முதல் ரகம்!"